புத்தகக் கடைக்காரர் துப்பறியும் கதையில் கடைக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். ரத்தம் தெறிக்காத மர்ம நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், கோஸி மிஸ்டரி என்கிறார்களே அந்த வகை. துப்பறிகிறவர் பழைய புத்தகக் கடை நடத்தும் ஒரு பெண்மணி. ஊரிலேயே பெரிய புத்தகச் சேகரிப்பாளர் தன் வீட்டு நூலக அறையில் இறந்து கிடக்கிறார், அலமாரியில் ஒரு அரிய புத்தகத்தைக் காணவில்லை. எட்டு அத்தியாயம் எழுதியாகிவிட்டது. படித்துப் பார்த்த நண்பர், "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புத்தகக் கடையைத் தூக்கிவிட்டு அங்கே ஒரு பேக்கரியை வைத்தாலும் கதை இப்படியேதானே போகும்?" என்று கேட்டுவிட்டார். நாயகியின் குணத்தை இன்னும் சுவாரசியமாக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. நண்பர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். உங்கள் கடைக்காரம்மாவுக்கு இன்னும் நாலு கிண்டல் வசனம், ஒரு பழைய காதல், ஒரு பூனை என்று சேர்த்துக்கொண்டே போனாலும் அந்தக் கேள்வி அங்கேயே நிற்கும். அவர் குணத்தில் குறை எதுவும் இல்லை. அவருடைய தொழில், கொலையாளியைக் கண்டுபிடிக்க ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. கோளாறு அங்கே இருக்கிறது.

இந்த வகையில் வரும் நிறைய நாவல்களில் கடை வெறும் திரைச்சீலைதான். மர அலமாரி, மழை, பழைய காகித வாசனை, ஓரத்தில் ஒரு சாய்வு நாற்காலி. வாசகர்களுக்கு அது பிடிக்கும், விற்கவும் செய்யும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதைகளில் துப்பு கிடைப்பது எப்படி என்று பாருங்கள்: யாரோ பேசுவது காதில் விழும், யாரோ உளறுவார்கள், ஒரு கடிதம் கிடைக்கும். இதெல்லாம் பேக்கரியிலும் நடக்கும், முடிதிருத்தும் கடையில் இன்னும் நன்றாக நடக்கும்.

புத்தக வியாபாரிக்கு மட்டும் தெரிவது வேறு ஒன்று. அச்சகத்தை விட்டு வரும்போது ஆயிரம் பிரதிகளும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்க்கை. ஒன்று வெயிலில் நின்றிருக்கும், ஒன்று ஈரத்தில். ஒன்றில் யாரோ பெயர் எழுதி, இன்னொருவர் அதை அழித்திருப்பார். ஒன்று கையில் எடுத்ததும் தானாகவே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் திறந்துகொள்ளும். நாம் புத்தகத்தில் அச்சாகியிருப்பதைப் படிக்கிறோம். வியாபாரி அந்தப் பிரதிக்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்பதைப் படிக்கிறார். துப்பறிகிறவருக்கு வேண்டிய பார்வை இதுதான், அது அவருக்குத் தொழிலோடு வந்துவிடுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்த வகை நாவல் எழுத நினைக்கும் எவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்ட் என்று இரண்டு பேர். இருவரும் பழைய புத்தக வியாபாரத்தில் இருந்தவர்கள், முப்பதை ஒட்டிய வயது. அவர்களுக்குச் சில மெல்லிய பிரசுரங்கள் மீது சந்தேகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கவிஞர்களின் படைப்புகள், வெளியே விற்காமல் நண்பர்களுக்காக மட்டும் கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டதாகச் சொல்லப்பட்டவை, ஆகவே முதல் பதிப்புக்கும் முந்தைய பதிப்புகள். சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள். அவற்றில் புகழ் பெற்றது எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் சானெட்டுகள், அதாவது பதினான்கு வரிக் கவிதைகள். ரெடிங் நகரில் 1847-இல் அச்சிட்டது என்று முகப்பிலேயே போட்டிருந்தது. அந்தக் கவிதைகள் உலகம் அறிய வெளிவந்தது 1850-இல்.

முதல் சந்தேகம் எங்கே பிறந்தது தெரியுமா? இல்லாத ஒன்றில். நண்பர்களுக்குக் கொடுக்க அச்சிட்டது என்றால் ஒரு பிரதியிலாவது ஆசிரியர் கையெழுத்திட்டு யாருக்காவது கொடுத்திருக்க வேண்டுமே? ஒன்றிலும் இல்லை. அந்தக் கால வழக்கப்படி யாராவது ஓரம் வெட்டி மற்றப் பிரசுரங்களோடு சேர்த்து பைண்டு செய்திருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. அந்தக் காலக் கடிதங்களில் ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. நாற்பது ஐம்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டு, திடீரென்று புத்தம் புதிதாகச் சந்தைக்கு வருகின்றன.

அப்புறம் காகிதத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் எஸ்பார்டோ என்ற புல்லிலிருந்து காகிதம் செய்வது 1861-இல்தான் தொடங்கியது. மரத்தை ரசாயனம் கொண்டு கூழாக்கிச் செய்த காகிதம் 1874-க்குப் பிறகு. 1847-இல் அச்சானதாகச் சொன்ன பிரதியில் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ரசாயன மரக்கூழ் இருந்தது. அச்செழுத்தையும் விடவில்லை. ஆங்கிலத்தின் சிறிய எஃப், ஜே எழுத்துகள் பழைய அச்சுகளில் தங்கள் கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்டல் அடிக்கடி உடையும். அது நீட்டாதபடி வடிவம் மாற்றிய எழுத்துகள் 1880-களில்தான் வருகின்றன. இந்தப் பிரசுரங்களில் இருந்தவை அந்த மாற்றிய எழுத்துகள். கூடவே, வேறு எழுத்துத் தொகுப்பிலிருந்து வந்து கலந்துவிட்ட ஒரு கேள்விக்குறி. இதே எழுத்துகளும் இதே கேள்விக்குறியும், 1893-இல் வெளிப்படையாகவே அச்சகத்தின் பெயரோடு வந்த ஒரு மறுபதிப்பில் கிடைத்தன. அச்சகம் தெரிந்துவிட்டது. அந்த மறுபதிப்பைக் கொண்டுவந்தவர் தாமஸ் ஜேம்ஸ் வைஸ். அன்றைய இங்கிலாந்தின் மிக மதிப்புள்ள புத்தகச் சேகரிப்பாளர். அரிய பதிப்பு எது, போலி எது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர்.

1934-இல் இருவரும் தங்கள் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார்கள். வைஸ்தான் போலி செய்தவர் என்று ஒரு வாக்கியத்தில்கூட நேரடியாகச் சொல்லவில்லை. ஆதாரங்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் படிப்பவரே முடிவுக்கு வரட்டும் என்று விட்டார்கள். வைஸ், தனக்கு அந்தப் பிரதிகளைக் கொடுத்தவர் பக்ஸ்டன் ஃபார்மன் என்று, 1917-இலேயே இறந்துபோன நண்பர்மேல் பழியைப் போட்டார். 1937-இல் அவரும் இறந்தார். இதில் ஒரு திருப்பம் இருக்கிறது, நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்: 1945-இல் வெளியான ஒரு பழைய கடிதம், அந்த இறந்த நண்பரும் உண்மையிலேயே கூட்டுக் களவாணிதான் என்று காட்டியது. பொய்யன் சொன்ன சாக்கில் பாதி உண்மை.

இந்த வழக்கில் போலீஸ் எங்கும் வரவில்லை. பொதுவாக ஒரு புலனாய்வு அதிகாரி இருப்பதை வைத்துத் தேடுவார். இவர்கள் ஒரு புத்தகத்தின் வாழ்க்கையில் என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததால், நடக்காததைக் கண்டார்கள். உங்கள் கடைக்காரம்மாவுக்குத் தேவையானது இதே திறமைதான்.

சரி, உங்கள் சேகரிப்பாளரின் அறைக்கு வருவோம். இப்போது நீங்கள் எழுதியிருப்பதுபோல அலமாரியில் ஒரு பல் விழுந்த இடைவெளி இருந்தால், புத்தகம் போயிருக்கிறது என்று கான்ஸ்டபிளே சொல்லிவிடுவார். கடைக்காரம்மா எதற்கு? இப்படி மாற்றிப் பாருங்கள். எதுவுமே காணாமல் போகவில்லை. வீட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் எல்லாப் புத்தகமும் அதனதன் இடத்தில் இருக்கிறது. திருட்டுக்காக நடந்த கொலை இல்லை என்று போலீஸ் முடிவு கட்டுகிறது. சில நாள் கழித்து, நூலகத்தை மதிப்பிட்டு விலை சொல்லக் கடைக்காரம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.

ஜன்னலுக்கு எதிரே இருக்கும் அலமாரி. அதில் நிற்கும் புத்தகங்களின் முதுகெல்லாம் வெயில் குடித்து வெளுத்திருக்கின்றன. சிவப்பு காவியாகிவிட்டது, பச்சை பழுப்பாகிவிட்டது. நடுவில் ஒன்று மட்டும் நேற்று பைண்டு செய்ததுபோல் கருநீலமாக நிற்கிறது. பல வருஷம் அந்த வெயிலில் வெற்று அட்டையோடு நின்ற புத்தகம் இப்படி இருக்க முடியாது. அதற்கு ஒரு காகித மேலுறை இருந்திருக்கிறது. சமீபத்தில்தான் யாரோ கழற்றியிருக்கிறார்கள். போலீஸ் புத்தகங்களை எண்ணியது. போனது உறை.

ஒருவன் புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் சட்டையை மட்டும் ஏன் கழற்றிக்கொண்டு போகிறான்? தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் வந்த ஆங்கில நாவல்களைப் பொறுத்தவரை பணம் அந்த உறையில்தான் இருக்கிறது. கடையிலிருந்து வீடு வரும்வரை தூசி படாமலிருக்கப் போட்டது அது. வாங்கியவர்கள் கழற்றி எறிந்தார்கள், நூலகங்களும் எறிந்தன. எஞ்சியவை கொஞ்சம்தான். 1925-இல் வந்த த கிரேட் கேட்ஸ்பியின் முதல் அச்சு, உறை இல்லாமல் சில ஆயிரம் டாலருக்குப் போகும். நல்ல உறையோடு இருந்தால் லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது. அந்த உறையின் பின்பக்கத்தில் நாயகன் பெயரின் முதலெழுத்து தவறுதலாகச் சிறிய எழுத்தில் அச்சாகி, அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று இன்றும் வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆகவே உறை போயிருக்கிறது என்ற ஒரே தகவலில் உங்கள் சந்தேக வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். பணத்துக்குத் தவிக்கும் மருமகன் திருடியிருந்தால் தங்க எழுத்து போட்ட தோல் பைண்டிங்கைத் தூக்கியிருப்பான். வேலைக்காரர் திருடியிருந்தால் மேஜை மேலிருந்த கடிகாரம் போயிருக்கும். உறையின் மதிப்பு தெரிந்த, வீட்டில் ஏற்கெனவே அதே புத்தகத்தின் உறையில்லாத முதல் பதிப்பை வைத்திருக்கிற ஒருவர்தான் இப்படிச் செய்வார். அவருக்கு முழுப் புத்தகம் தேவையில்லை, எடுத்தால் இடைவெளி தெரியும். உறை மட்டும் போதும். இந்த இடத்தில் கடையை எடுத்துவிட்டுப் பேக்கரியை வைத்துப் பாருங்கள், கதை நின்றுவிடும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மேலுறையின் மதிப்பு உங்கள் வாசகருக்கும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் கடைக்காரம்மா எழுந்து நின்று, "உங்களுக்கெல்லாம் தெரியாது, உறைதான் விலை" என்று சொன்னால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். துப்பறியும் கதையை எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் நடக்கும் ஆட்டமாகப் பார்க்கும் வழக்கம் பழையது. ரோனல்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இதற்குப் பத்து விதிகள் எழுதினார். அதற்கு மறு வருஷம் லண்டனில் தொடங்கிய டிடெக்ஷன் கிளப்பில் சேரும் எழுத்தாளர்கள், முக்கியமான துப்பை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள். அந்தப் பத்து விதிகளில் சில இன்று படிக்கச் சிரிப்பாக இருக்கும். இந்த ஒன்று மட்டும் கோஸி வகையில் இன்றைக்கும் மீற முடியாதது.

அதனால் தொழில் அறிவை முன்கூட்டியே, வேறு வேலைக்காக வந்ததுபோல் நுழைத்துவிட வேண்டும். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சிரிப்புக் காட்சி போதும். ஒருவர் புத்தகத்தோடு வருகிறார், முதல் பதிப்பு, பெரிய தொகை வேண்டும் என்கிறார். கடைக்காரம்மா பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து அடியில் இருக்கும் எண் வரிசையைக் காட்டுகிறார். பல பதிப்பாளர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்களை அச்சிட்டு, ஒவ்வொரு முறை மறுபடி அச்சடிக்கும்போதும் ஒரு எண்ணை நீக்கிவிடுவார்கள். மிச்சமிருப்பதில் சிறிய எண் எதுவோ அதுதான் எத்தனையாவது அச்சு என்பது. இவர் கொண்டுவந்ததில் சிறிய எண் ஏழு. வந்தவர் முகம் தொங்கிவிடுகிறது. வாசகர் சிரிக்கிறார், ஏதோ கற்றுக்கொண்ட திருப்தியும் கிடைக்கிறது. அவர் கிளம்பும்போது பையிலிருந்து இன்னொரு பழைய நாவலை எடுக்கிறார். அது நிஜமாகவே முதல் அச்சு. "இதற்கு உறை இருந்ததா?" என்று கேட்கிறார் கடைக்காரம்மா. "கிழிந்து கிடந்தது, போன வாரம்தான் குப்பையில் போட்டேன்." கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொள்கிறார். அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். வாசகர் எண் வரிசையை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதுதான் பின்னால் பயன்படப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் விதைத்தது உறை.

அடுத்தது, அவர் ஏன் இந்த வழக்கில் தலையிடுகிறார்? உங்கள் எட்டு அத்தியாயத்தில் இதற்கு ஆர்வம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இந்த வகை நாவல்களில் பொதுவாகவே மிகவும் பலவீனமான மூட்டு இது. ஒரு முறை ஆர்வம் போதும். மிரட்டல் வந்த பிறகும், கடைக் கண்ணாடி உடைந்த பிறகும் ஒருவர் தொடர்கிறார் என்றால் அவருக்கு வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும்.

இங்கேயும் தொழிலே கை கொடுக்கும். பழைய புத்தகத்தின் விலையில் பெரும் பங்கு அது எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். கடை ரசீது அந்த ஆதாரங்களில் ஒன்று. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மார்க் ஹாஃப்மன் என்ற ஆவண வியாபாரி 1985-இல் என்ன செய்தார் என்று பாருங்கள். இங்கிலாந்தின் அமெரிக்கக் காலனியில் 1639-இல் முதன்முதலாக அச்சான ஒற்றைத் தாள் ஒன்று உண்டு, ஓத் ஆஃப் அ ஃப்ரீமேன் என்று பெயர். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவர் அதைப் போலியாக அச்சடித்தார். ஆனால் அதற்கு முன்னால், அதே தலைப்பு போட்ட வேறொரு மலிவான தாளைத் தயாரித்து, நியூயார்க்கின் ஒரு பழைய புத்தகக் கடையில் இருந்த தாள்களோடு சத்தமில்லாமல் சொருகிவைத்து, பிறகு தானே அதை எடுத்துப்போய்க் கொடுத்து 25 டாலருக்கு வாங்கினார். ரசீதில் தலைப்பு வந்துவிட்டது. பிறகு போலியைக் காட்டி, இந்த ரசீதையும் காட்டி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் பேரம் நடந்தது. கடன் நெருக்க, குட்டு வெளிப்படும் பயத்தில் அந்த அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றார். அவர் கையால் எழுதிச் செய்திருந்த மற்றப் போலி ஆவணங்களைக் காட்டிக்கொடுத்தது மை. செயற்கையாகப் பழசாக்கிய மை நுண்ணோக்கியின் கீழ் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது.

அந்த ரசீதை உங்கள் கதைக்குக் கொண்டுவாருங்கள். சேகரிப்பாளரின் மேஜையில் ஒரு பில் கிடைக்கிறது, உங்கள் கடைக்காரம்மாவின் கடைப் பெயர், அவருடைய கையெழுத்து. ஆனால் பில்லில் இருக்கும் தலைப்பை அவர் அந்த ஆளுக்கு விற்கவே இல்லை. யாரோ அவர் கடையை ஒரு முத்திரையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இனி அவர் ஒதுங்கிப் போக முடியாது. வியாபாரிக்குக் கடை போனால் இன்னொரு கடை, பெயர் போனால் கதை முடிந்தது.

போலீஸை முட்டாளாக்கத் தேவையில்லை என்பதும் இதில் கிடைக்கும் லாபம். அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். வெளுத்த முதுகுக்கும் வெளுக்காத முதுகுக்கும் வித்தியாசம் பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

கடையின் அன்றாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடைக்காரம்மா நாள் முழுக்க உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறார். பழைய புத்தக வியாபாரிக்குப் படிக்க நேரம் கிடைப்பது அபூர்வம். பெட்டி தூக்குவது, தூசி தட்டுவது, பட்டியல் எழுதுவது, ஒழுகும் கூரையோடு மல்லுக்கட்டுவது, இதில்தான் நாள் போகும். முதுகுவலி இல்லாத வியாபாரியை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, இந்தத் தொழிலில் சாமர்த்தியமெல்லாம் விற்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. வாங்குவது எங்கே? சாவு நடந்த வீட்டில், பாகப்பிரிவினை நடக்கும் வீட்டில், கடனில் மூழ்கும் வீட்டில். வாரிசுகளே கதவைத் திறந்து, "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று உள்ளே விட்டுவிட்டுப் போகிறார்கள். அமெச்சூர் துப்பறிவாளரைக் குற்றம் நடந்த இடத்துக்குள் கொண்டுபோவதற்கு மற்ற எழுத்தாளர்கள் படும் பாட்டைப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். அலமாரியை வைத்தே அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடலாம்: எந்த வருஷத்தோடு புத்தகம் வாங்குவது நின்றது, எந்தப் புத்தகத்தில் அன்பளிப்புப் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது, யார் பெயர்மேல் மை பூசியிருக்கிறது.

பழைய வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு, அதை உங்களுக்குச் சும்மாவே தருகிறேன். புத்தகத்தை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ரகசியக் குறியீட்டில் எழுதி வைப்பார்கள். எழுத்து எதுவும் திரும்ப வராத, பத்து எழுத்துள்ள சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம். வாடிக்கையாளருக்கு அது கிறுக்கல், கடைக்காரருக்கு அது கணக்கு. குறியீடு கடைக்குக் கடை வேறு, கையெழுத்தும் வேறு. இறந்தவர் வீட்டில் எடுத்த புத்தகத்தில், போட்டிக் கடைக்காரரின் பென்சில் குறியீட்டை உங்கள் நாயகி பார்க்கிறார். அந்தப் போட்டிக் கடைக்காரரோ இந்தச் சேகரிப்பாளரைச் சந்தித்ததே இல்லை என்று முந்தைய அத்தியாயத்தில் போலீஸிடம் சொல்லியிருக்கிறார். ஒரு முழு அத்தியாயத்துக்கு இது தாங்கும்.

இதற்கு முன் வந்தவற்றில் எதையெல்லாம் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 1919-இல் கிறிஸ்டோஃபர் மார்லி எழுதிய த ஹான்டட் புக்ஷாப்பை முதலில் எடுங்கள். புரூக்ளினில் ஒரு பழைய புத்தகக் கடை, அங்கே ஒரே புத்தகம் அடிக்கடி காணாமல் போகிறது, திரும்பி வருகிறது. திருடுபோகும் புத்தகத்தைவிடத் திரும்பி வரும் புத்தகம் எவ்வளவு உறுத்தலானது என்பதை அதில் பார்க்கலாம். நடுவில் கடைக்காரர் செய்யும் நீண்ட பிரசங்கங்களைத் தாண்டிப் போனால் குற்றமில்லை. லாரன்ஸ் பிளாக்கின் திருடன் பெர்னி, 1979-இல் வந்த கதையிலிருந்து நியூயார்க்கில் புத்தகக் கடையும் நடத்துகிறார். வசன ஓட்டத்துக்காகப் படியுங்கள். கேரலின் ஹார்ட் 1987-இல் தொடங்கிய டெத் ஆன் டிமான்ட் வரிசை மர்ம நாவல்களை மட்டும் விற்கும் தீவுக் கடையில் நடக்கிறது, கோஸி வகையின் தாளம் அதில் துல்லியமாகக் கிடைக்கும். ஜான் டன்னிங்கின் புக்ட் டு டை, 1992, உங்கள் வகை கிடையாது, முரட்டுத்தனமானது. போலீஸ் வேலையை விட்டுவிட்டு டென்வரில் புத்தகம் விற்கும் ஆளின் கதை. ஆனால் டன்னிங் தானே பழைய புத்தகக் கடை நடத்தியவர், தொழில் விவரம் ஒவ்வொரு பக்கத்திலும் கதையை நகர்த்துகிறது. என்னைக் கேட்டால் உங்களுக்கு இப்போது அதிகம் பயன்படக்கூடியது அதுதான்.

பூனை இருக்கட்டும், ஆனால் துப்பை அது தட்டிவிட்டுக் கண்டுபிடித்துத் தரக் கூடாது.

கடைசியாக, முடிவு. எல்லாரையும் ஒரு அறையில் கூட்டிவைத்துப் பேசும் காட்சியை நீங்கள் திட்டமிட்டிருக்கிறீர்கள். அது இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கடைக்காரம்மாவின் ஊகம் மட்டும் போதாது, கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் வேண்டும். வெளுக்காத முதுகு சந்தேகத்தைத்தான் தரும், குற்றத்தை நிரூபிக்காது. நிரூபிக்க ஒரு கறை போதும். சேகரிப்பாளர் உயிரோடு இருக்கும்போதே, மூன்றாவது அத்தியாயத்தில், அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு முறை தண்ணீர் சிந்திவிட்டதாகப் புலம்பட்டும். ஈரம் உறையைத் தாண்டி உள்ளே துணி அட்டையில் இறங்கியிருக்கும். காய்ந்ததும் அட்டையில் கறையின் ஒரு பாதி, உறையின் உட்புறத்தில் அதே வடிவத்தில் மறு பாதி, கூடவே அட்டையின் சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கொலையாளி தன் சுத்தமான புத்தகத்தின்மேல் திருடிய உறையைப் போட்டு, "பல வருஷமாக என்னிடம் இருக்கிறது" என்கிறார். கடைக்காரம்மா உறையை மெதுவாகக் கழற்றுகிறார். உட்புறத்தில் நீலக் கறை. கீழே அட்டையில் ஒன்றும் இல்லை. இறந்தவரின் பிரதியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பாதியும் பொருந்துகின்றன. இந்தக் காட்சிக்கு வாக்குமூலம்கூட வேண்டியதில்லை.

அந்த உறை எப்படி அவர் கண்ணுக்கு வருகிறது என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். ஏலப் பட்டியலில் வரலாம், புத்தகக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கலாம். நான் எழுதினால், கொலையாளியே விலை கேட்டுக் கடைக்காரம்மாவிடம் கொண்டுவரும்படி செய்வேன். அவரைத் தவிர அந்த ஊரில் அதைச் சரியாக மதிப்பிடத் தெரிந்தவர் யாரும் இல்லையே. தன் சாமர்த்தியத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் காட்டிக்கொள்ளும் ஆசையும் சேகரிப்பாளர்களுக்கு உண்டு.

எழுதியிருக்கும் எட்டு அத்தியாயத்தில் முதலாவதையும் சவ அடக்கக் காட்சியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை மேலே சொன்ன வாடிக்கையாளர் காட்சிக்காகத் திருப்பி எழுதுங்கள், மூன்றாவதில் தண்ணீரைச் சிந்துங்கள், காணாமல் போன புத்தகத்தை அலமாரிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் வியாபாரிகள் வெளியிடும் விற்பனைப் பட்டியல்கள் சிலவற்றை வாங்கிப் படியுங்கள். ஒரு பிரதியின் ஒவ்வொரு காயத்தையும் அவர்கள் எப்படி விவரிக்கிறார்கள் என்று காது பழகட்டும். அந்தச் சொற்கள் புரியாவிட்டால், வைஸைப் பிடித்த அதே ஜான் கார்ட்டர் 1952-இல் புத்தகச் சேகரிப்பாளர்களுக்காக ஓர் அகராதி எழுதினார், பலமுறை திருத்தி மறுபதிப்பு வந்திருக்கிறது. சில சொற்களுக்கு ஒரே வரி, சிலவற்றுக்குப் பல பக்கம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பதாவது அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.